ஆறாவது சீட்டு

வசுமதி எழுதும் கடிதங்களில் தேதி இல்லாத கடிதம் கிடையாது. தேதி, பெறுநர், பொருள், அதன்பின் எண் போட்ட பத்திகள். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பழகிய அந்த ஒழுங்கு, கனடாவின் மொன்றியலுக்கு வந்து புவாண்ட்-கிளேரில் குடியேறி ஏழு வருஷமாகியும் அவளை விடவில்லை. தமிழன்பர் கழகத்துக்கு அவளைச் செயலாளராகப் போட்டதே அதற்காகத்தான். தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் எல்லோரும் ஆண்கள். பேசுவது அவர்கள் வேலை, எழுதுவது இவள் வேலை.

1974 ஆகஸ்டில் நூலகத்துப் பத்திரிகையில் ஹன்னா வெஸ்லியைப் பற்றி ஒரு சிறு செய்தி வந்தது. ஜேம்ஸ் வளைகுடாக் கரையில் பிறந்த க்ரீ பூர்வகுடிப் பெண். நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பதினோரு கதைகள் கொண்ட முதல் தொகுப்பு வெளிவந்திருக்கிறது. பதிப்பகம் அவரை ஊர் ஊராக அனுப்பி வாசிக்கச் செய்கிறது. வசுமதி புத்தகத்தை வாங்கி மூன்றே நாளில் முடித்தாள். முடித்த கையோடு பதிப்பகத்தின் முகவரிக்கு நான்கு பத்திகளில் ஒரு கடிதம் எழுதினாள்: மொன்றியலுக்கு வரும்போது எங்கள் கழகத்துக்கும் வர முடியுமா?

பதில் ஏதோ ஒரு ஓட்டல் தாளில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. வருகிறேன், ஆனால் ஒன்று கேட்க வேண்டும் என்று ஹன்னா எழுதியிருந்தார். இதுவரை ஒன்பது ஊர்களில் வாசித்திருக்கிறார். ஒன்பதிலும் முயல் பிடிக்கும் கதையைத்தான் கேட்டிருக்கிறார்கள். அது சிரிப்புக் கதை. பதிப்பகமும் அதையே படி என்கிறது. தொகுப்பின் கடைசிக் கதையான 'இருபத்தேழு' மட்டும் எங்கும் வாசிக்கப்படவில்லை.

"என் ஊரில் அதைப் படித்தால் அழுவார்கள், அவர்கள் வீட்டிலும் அது நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் முன்னால் படித்தால், எங்களுக்குத் தெரியாதே என்று என்னிடம் சமாதானம் சொல்ல வருவார்கள், நான் அவர்களைத் தேற்ற வேண்டும். சும்மா உட்கார்ந்து கேட்கிறவர்கள் எங்காவது இருப்பார்களா? சத்தமாகப் படித்தால் இருபத்திரண்டு நிமிஷம். அறையில் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை ஆட்கள் முன்னால் முழுதாகப் படித்துவிட வேண்டும்."

வசுமதி அன்றைக்கே பதில் போட்டாள். மூன்று இருபத்தைந்து முதல் மூன்று ஐம்பது வரை உங்களுடைய நேரம், வேறு எவரும் அதைத் தொட மாட்டார்கள் என்று எழுதினாள். கடைசியில் வழக்கத்துக்கு மாறாக எண் போடாத ஒரு வரியையும் சேர்த்தாள்: நாங்கள் கேட்டுப் பழகியவர்கள்.

அந்த வரியைத்தான் பிற்பாடு அவளால் கூசாமல் நினைத்துப் பார்க்க முடியாமல் போயிற்று.

கழகத்தின் செயற்குழு கூடியது. தலைவர் சண்முகவேல் நல்ல மனிதர் என்பதில் சந்தேகம் இல்லை. பெரிய கம்பெனியில் இன்ஜினீயர், கழகத்துக்காக ஓடியாடுகிறவர், புதிதாக வந்திறங்கும் குடும்பத்துக்கு முதல் பனிக்காலக் கோட்டு அவர் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் விழா என்றால் அவருக்கு ஒரே ஒரு விதம்தான் தெரியும். வசுமதி தட்டச்சு செய்து கொண்டுபோன நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, வந்தவங்களை நேரா படிக்கச் சொல்றதா? வாழ்த்துரை இல்லாம விழாவா? விழா நாயகி கடைசியிலதான் பேசணும். ஏற்புரை. அதுதான் அவங்களுக்கு மரியாதை."

வாழ்த்துரைக்குக் கழகத்து டாக்டரைக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார். டாக்டரைக் கூப்பிட்டால் பேராசிரியரை விட முடியாது. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் ஊரிலிருந்து வரும் இன்ஜினீயர் போன வருஷமே மேடையில் விட்டுப்போனவர். நன்றியுரை தலைவரின் மனைவி அனுசூயா. ஆக ஹன்னாவைச் சேர்க்காமல் ஐந்து பேர். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று போட்டாலும் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும், மண்டபம் ஆறு வரை இருக்கிறது என்று தலைவர் கணக்குக் காட்டினார். வசுமதி தலையை ஆட்டினாள். மரியாதை என்று சொன்ன பிறகு மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக அவள் செய்தது சீட்டு எழுதியது. பேச்சு நீளும்போது மேடையில் துண்டுச் சீட்டு கொடுப்பது எல்லா ஊர் விழாவிலும் உள்ளதுதான். 'இன்னும் இரண்டு நிமிடம். அருள்கூர்ந்து முடிக்கவும்.' ஐந்து பேருக்கும் ஐந்து சீட்டு, அழகான கையெழுத்தில், பெயர் போட்டு. ஒழுங்கு என்றால் எல்லோருக்கும் ஒழுங்கு என்று ஆறாவதாக ஹன்னாவுக்கும் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி, ஆறையும் ஒரு கிளிப்பில் செருகி வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் இருபது, ஞாயிற்றுக்கிழமை. ஜான்-டலோன் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாதா கோயிலின் அடித்தளக் கூடம். ஹன்னா சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். குள்ளமான, அகன்ற தோள் கொண்ட பெண். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, கையில் ஒரு சின்னப் பெட்டி. வாசலில் நின்று மேலே சிலுவையைப் பார்த்தார்.

"கோயிலா?"

"வாடகைக்கு எடுத்தது. கீழே கூடம் மட்டும்தான்."

"உங்கள் கடிதத்தில் பதினோரு விஷயம் எழுதியிருந்தீர்கள். மெத்ரோ ரயிலுக்கு எந்த வாசல், படி எத்தனை, சூடு போட்டிருக்குமா என்பதுகூட இருந்தது. இது இல்லை."

வசுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. 'இருபத்தேழு' நடப்பது கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் உறைவிடப் பள்ளியில். பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த பள்ளி. கதையைப் படித்தவள் அவள். மண்டபத்துக்குக் கடிதம் எழுதியவளும் அவளே. இரண்டையும் அவள் மனம் ஒன்று சேர்க்கவில்லை. ஹன்னா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

மூன்று மணி விழா மூன்று முப்பத்தைந்துக்குத் தொடங்கியது. நாற்பது நாற்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். பெண்கள் பாதிப் பேர் பின்னால் போண்டாவோடும் காப்பியோடும் இருந்தார்கள். படம் பிடிப்பதற்குக் குணசீலன். யாழ்ப்பாணத்துக்காரர், கழகத்திலேயே இலங்கைத் தமிழர் அவர் ஒருவர்தான். எல்லோரையும் அண்ணை என்றும் தங்கச்சி என்றும் கூப்பிட்டு, யாரும் கேளாமலே எல்லா வேலையும் செய்வார்.

பேச்சுகள் தமிழில். மேடையில் ஹன்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு மொழிபெயர்ப்பது வசுமதியின் பொறுப்பு.

சண்முகவேல் எழுந்தார். தமிழின் தொன்மையில் ஆரம்பித்து, கடல் கொண்ட நிலத்துக்குப் போய், அங்கிருந்து கிளம்பிய ஒரு கூட்டம்தான் செவ்விந்தியராக ஆகியிருக்கவேண்டும் என்று தம் ஆராய்ச்சியை வைத்து, ஆகவே நம் செவ்விந்தியச் சகோதரி ஒரு வகையில் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று முடிக்கும்போது கைதட்டல் எழுந்தது. ஆனால் அது முடிவல்ல. பன்னிரண்டாவது நிமிஷம் வசுமதி முதல் சீட்டை வைத்தாள். அவர் படித்தார், புன்னகைத்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்துநான்கு நிமிஷம் பேசினார்.

அடுத்து டாக்டர். வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பனிக்காலம் வேலை பார்த்தவர். அந்த மக்கள் சொன்ன தேதிக்கு வரமாட்டார்கள், கொடுத்த மாத்திரையைச் சாப்பிடமாட்டார்கள் என்று இரண்டு மூன்று சம்பவம் சொன்னார். கூடம் சிரித்தது.

"வடக்கே வேலை பார்த்திருக்கிறாராம். உங்கள் மக்கள் மேல் மதிப்பு உண்டு என்கிறார்" என்றாள் வசுமதி.

"மதிப்புக்கா எல்லோரும் சிரித்தார்கள்?" என்று கேட்டார் ஹன்னா.

அதன்பின் அவர் மடியில் புத்தகத்தை வைத்து, விரலைக் கடைசிக் கதையில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் அட்டைப்படத்தைப் பாராட்டினார். அட்டையைத் தாண்டி அவர் போகவில்லை என்பது வசுமதிக்குத் தெரியும், கழகம் வாங்கிய மூன்று பிரதிகளில் ஒன்று அவரிடம் போய், கொடுத்தபடியே திரும்பி வந்திருந்தது. லொங்குய்ய் இன்ஜினீயர் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தம்மைப் பற்றி இரண்டு வார்த்தை என்று தொடங்கினார். சீட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"தங்கச்சி, உந்தச் சீட்டெல்லாம் வீண்" என்று மேடைக்குக் கீழேயிருந்து முணுமுணுத்தார் குணசீலன். "மனுசர் வாசிச்சுப்போட்டு பொக்கற்றுக்குள்ள வைக்கினம். பேந்து வீட்டை கொண்டுபோய்ச் சட்டம் போட்டுச் சுவரிலை மாட்டுவினம் போல."

பிறகு பொன்னாடை. சண்முகவேல் சரிகை போட்ட சால்வையைப் போர்த்தினார். பிளாஷ் எரியவில்லை.

"அண்ணை, பத்தேல்லை. ஒருக்கா எடுத்துப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ."

எடுத்து, மறுபடி போர்த்தினார். இந்தத் தடவை தலைவர் கண்ணை மூடிவிட்டார். ஆண்டு மலரில் முழுப்பக்கம் போடவேண்டிய படம், அதனால் மூன்றாம் தடவையும் போர்த்தினார்கள். ஹன்னா ஒவ்வொரு தடவையும் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். சால்வை தலைக்கு மேல் வரும்போதெல்லாம் அவர் தோள் லேசாக ஒடுங்கியதை வசுமதி பார்த்தாள்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு ஹன்னா வாசிக்க எழுந்தார்.

சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. "இருபத்தேழு முதலில் என் அக்காளின் எண்" என்று ஆரம்பித்தார்.

அந்தப் பள்ளியில் எல்லாத் துணியிலும் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்காள் இரண்டு வருஷம் முன்னால் போனவள். வீட்டுக்குக் கடிதம் வருவது நின்றுபோயிற்று. கடிதம் எழுத இப்போது நேரம் இருக்காது என்று அம்மா சொல்லிக்கொண்டாள். இலையுதிர் காலத்தில் தங்கையையும் படகில் ஏற்றினார்கள். அக்காளைப் பார்க்கப்போகிறோம் என்று அவள் அழாமல் போனாள்.

முதலில் கூடம் அடங்கவில்லை. நாற்காலி இழுபட்டது, பின்னால் தட்டுகள் மோதின. இரண்டு நிமிஷம் போனதும் போண்டாப் பக்கம் சத்தம் குறைந்தது. மூன்றாவது நிமிஷம் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண் கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும். காலையிலிருந்து மாலை வரை அதிலே வேலை பார்க்கிறவர்கள். கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

சண்முகவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து, "சீட்டு" என்றார்.

"சார், இப்பத்தான் ஆரம்பிச்சாங்க."

"ஆறு மணிக்கு மண்டபத்து ஆள் வந்து லைட்டை அணைச்சிடுவான். நன்றியுரை இருக்கு, நாட்டுப்பண் இருக்கு. அனுசூயா நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கா. குடும்மா."

கிளிப்பில் இரண்டு சீட்டு மிச்சம் இருந்தது. வசுமதி ஒன்றை உருவினாள். உருவிய கை தன் கை இல்லை என்று பிற்பாடு அவள் தனக்குச் சொல்லிப் பார்த்தாள், அது பொய். எழுந்தாள், நான்கு எட்டு நடந்தாள், வாசிக்கும் மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

தங்கைக்குத் துணி கொடுக்கும் இடம் அது. புதுத்துணி இல்லை, யாரோ போட்ட துணி. கம்பளிக் காலுறையை விரித்துப் பார்க்கிறாள். இருபத்தேழு என்று தைத்திருக்கிறது. குதிகால் கிழிந்து ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. அந்தத் தையல் அவளுக்குத் தெரியும். அக்காள் போடும் அதே முடிச்சு. அவள் கையை உள்ளே விட்டு...

ஹன்னாவின் பார்வை சீட்டின் மேல் விழுந்தது. நின்றார். அந்த வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. புத்தகத்தை மூடினார். "நன்றி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கைதட்டல் பலமாக இருந்தது. அன்றைக்கு விழுந்த கைதட்டலிலெல்லாம் அதுதான் பெரிது. அனுசூயா எழுந்து வந்து மண்டபம் கொடுத்தவர்கள், பூ வாங்கி வந்தவர், போண்டா மாவு அரைத்தவர் என்று ஒருவர் பெயரையும் விடாமல் நன்றி சொன்னாள். ஐந்தாவது சீட்டை வசுமதி கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நன்றியுரை பதினோரு நிமிஷம்.

வெளியேறும்போது மண்டபத்துக் காவல்காரக் கிழவர் படியடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிரெஞ்சில் போன்ஜூர் என்று வணக்கம் சொல்லிவிட்டு, உடைந்த இங்கிலீஷில் வசுமதியிடம் கேட்டார், கதையில் வந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, வாசித்தவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்று. ஆறு மணி ஆகிவிட்டதே என்றாள் வசுமதி. கிழவர் தோளைக் குலுக்கினார். அவர் குடியிருப்பது மேலேதான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆறு மணி என்று தான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தில்தான் இருந்தது என்றார்.

இருந்தது. மூன்றாம் பத்தி: சரியாக ஆறு மணிக்குள் கூடத்தைக் காலி செய்து ஒப்படைத்துவிடுவோம். கேட்காமலே கொடுத்த வாக்கு.

ஹன்னாவுக்கு ஏழு மணிக்கு ஒட்டாவா பஸ். வசுமதி கூடவே போனாள். ஜான்-டலோனில் மெத்ரோ ஏறி பெரி நிலையத்தில் இறங்கும் வரை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹன்னா எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி வந்தார். சால்வை பெட்டிக்குள் போயிருந்தது. பஸ் நிலையத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

"இங்கே படியுங்கள்" என்றாள் வசுமதி. "நான் கேட்கிறேன். நேரம் இருக்கிறது."

"நீங்கள் படித்த கதைதானே. உங்கள் ஒருவருக்கு நான் படித்தால், உங்கள் மனசு ஆறும். எனக்கு என்ன ஆகும்?"

வசுமதி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஹன்னா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம். நான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அதற்குத்தான் உங்களிடம் வந்தேன், அது வேண்டாம் என்று." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் மொழிபெயர்த்ததெல்லாம் அவர்கள் பேசியதைவிட நன்றாக இருந்தது, இல்லையா?" என்றார்.

"ஆமாம்."

"மற்றவர்களுக்கும் சீட்டுக் கொடுத்தீர்கள். அவர்கள் அதை என்ன செய்தார்கள்?"

"பையில் போட்டுக்கொண்டார்கள்."

"படித்துவிட்டா?"

"படித்துவிட்டுத்தான்."

ஹன்னா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் வசுமதியைப் பார்த்து இல்லை.

"எனக்கு நாற்பத்தொரு வயது. பள்ளியை விட்டு வந்து இருபத்தைந்து வருஷம். ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது பாருங்கள். என் அக்காளின் காலுறைக்குள் கையை விட்ட இடத்தில். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களையும் யாரோ அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்."

பஸ் வந்தது. ஹன்னா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கையசைக்கவில்லை.

டிசம்பரில் ஆண்டு மலருக்கான கூட்டக் குறிப்பை வசுமதி ஸ்டென்சிலில் அடித்தாள். யார் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று வரிசையாகப் போட்டாள். தலைவர், முப்பத்துநான்கு. டாக்டர், இருபத்தேழு. அந்த எண்ணில் விரல் கொஞ்சம் தயங்கியது, ஆனால் நடந்தது அதுதான். கடைசியாக: ஹன்னா வெஸ்லி அவர்கள் இருபத்திரண்டு நிமிடக் கதையில் நான்கு நிமிடம் வாசித்தார். நிறுத்தச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தவர் செயலாளர்.

பார்வைக்கு அனுப்பியது தலைவரிடமிருந்து திரும்பி வந்தபோது மேலே ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. 'கதை வாசித்து அவையோரை உருக்கினார் என்று மாற்றவும். நிமிடக் கணக்கு வேண்டாம். கடைசி வரி தேவையற்றது.'

வசுமதி அதைப் படித்தாள். இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் சைக்ளோஸ்டைலில் தொண்ணூறு பிரதி எடுத்தாள்.

பொங்கல் விழாவில் மலர் எல்லார் கைக்கும் போயிற்று. முழுப்பக்கப் படத்தை மட்டும் அச்சகத்தில் அடித்துச் சேர்த்திருந்தார்கள், நன்றாக விழுந்திருந்தது. தலைவரின் கண் திறந்திருந்தது, சால்வைச் சரிகை பளபளத்தது. எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தார்கள். வசுமதி அன்றைக்கு முழுவதும் காத்திருந்தாள். யாராவது வந்து, என்னம்மா இப்படி எழுதியிருக்கே என்று கேட்பார்கள், திட்டுவார்கள், பதவியை விட்டு இறக்குவார்கள் என்று. சண்முகவேல் அவள் முதுகில் தட்டாத குறையாக, மலர் பிரமாதம் என்றார். ஹன்னாவுக்கு ஒரு பிரதியும், அந்த வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பும் பதிப்பக முகவரிக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. லொங்குய்ய் இன்ஜினீயர். கூட்டக் குறிப்பைப் பற்றித்தான் பேசவேண்டும் என்றார். வசுமதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சொல்லுங்கள் என்றாள்.

"என் பெயருக்குப் பின்னால எம்.எஸ். விட்டுப்போச்சு. நீங்க இதிலெல்லாம் கவனமா இருப்பீங்கன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல. அடுத்த மலர்ல திருத்தம் போட்டுடுங்க."

வசுமதி தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.